பூனையின் நகத்தை எடுத்துவிடலாமா? பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. அவற்றில் பவழம் என்ற பூனைக்கு முன்னங்கால்களில் நகமே கிடையாது. அமெரிக்காவில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம் அங்கே ஒரு காப்பகத்திலிருந்து அதைத் தத்தெடுத்துப் பெங்களூருக்கு அழைத்து வந்தது. சில ஆண்டுகளில் அவர்கள் சிங்கப்பூருக்கு மாறியபோது என்னிடம் விட்டுச் சென்றார்கள். காப்பகத்துக்கு வருவதற்கு முன்பே யாரோ அதன் நகங்களை எடுத்திருந்தார்கள்.

பவழத்தைப் பார்க்கிறவர்களில் சிலர் "ஐயோ" என்பார்கள். சிலர் "இங்கே யார் இதைச் செய்கிறார்கள்?" என்று முகவரி கேட்பார்கள். இந்தப் பக்கம் முகவரி கேட்கிறவர்களுக்காக. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நகவெட்டியால் செய்யும் வேலையின் கொஞ்சம் பெரிய வடிவம் இது என்று நினைத்துத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பதினாறு ஆண்டுகளாகப் பூனைகளோடு வாழ்கிறேன். தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடைக்கு எடுத்துச்செல்லும் சிறு குழுவொன்றில் இருக்கிறேன்.

நகம் எடுப்பது என்றால் சரியாக எதை எடுக்கிறார்கள்?

எலும்பை எடுக்கிறார்கள். "நகம் எடுத்தல்" என்ற சொல்தான் இத்தனை பேரை ஏமாற்றுகிறது.

மிக நெருங்கிய உறவை நாம் நகமும் சதையும் போல என்று சொல்கிறோம். நமக்கு அது பொருந்தும், ஏனென்றால் நம் நகம் தோலிலிருந்து வளர்கிறது. பூனைக்கோ அது நகமும் எலும்பும். விரலின் கடைசி எலும்பிலிருந்தே அதன் நகம் முளைக்கிறது. எலும்பை விட்டுவிட்டு நகத்தை மட்டும் எடுத்தால் மறுபடி வளர்ந்துவிடும். ஆகவே நகம் வளரவே கூடாது என்றால் அந்தக் கடைசி எலும்பை, அதைப் பிடித்திருக்கும் தசைநாண், நரம்பு, இரத்தக் குழாய் எல்லாவற்றோடும் மூட்டிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து வெட்டு. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும். வெட்டுக்கத்தியால் செய்வார்கள், அல்லது இருபுறக் கூர்மையுள்ள ஒரு வெட்டியால் நறுக்குவார்கள், அல்லது லேசரால் செய்வார்கள்.

நகச்சுற்று வந்து ஒரு விரலை மேசையில் வைக்க முடியாமல் இரவு முழுவதும் விழித்திருந்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். அது ஒரு விரல், எலும்பு அப்படியே இருந்தது, ஒரு வாரத்தில் ஆறியும் விட்டது. இங்கே பத்து விரல்கள், அவற்றின் மேல்தான் பூனை நடந்தாக வேண்டும்.

லேசரில் செய்தால் வலி இல்லை என்கிறார்களே?

இரத்தப்போக்கு குறையலாம், முதல் சில நாட்கள் சற்று எளிதாகவும் இருக்கலாம். எடுக்கப்படுவது அதே எலும்புதான்.

எலும்பை விட்டுவிட்டுத் தசைநாணை மட்டும் வெட்டுவதும் உண்டாமே?

உண்டு. நகத்தை வெளியே நீட்டும் தசைநாணை அறுத்துவிடுவார்கள். அதன்பிறகு பூனை நினைத்தாலும் நகத்தை நீட்ட முடியாது, ஆனால் நகம் வளர்ந்துகொண்டே இருக்கும். பிராண்டித் தேய்க்க வழியில்லாததால் அது தடித்து, வளைந்து, பாதத்தின் மெத்தைக்குள்ளேயே குத்தி இறங்கும். வாழ்நாள் முழுவதும் நீங்கள்தான் வெட்டிவிட வேண்டும். எப்படியும் வெட்டிவிடத்தான் போகிறீர்கள் என்றால் அறுவை எதற்கு?

பூனை ஏன் சோபாவைப் பிராண்டுகிறது? கோபமா, பழிவாங்குகிறதா?

இரண்டும் இல்லை. நகத்தின் மேல் உறை நாள்பட்டால் வெங்காயச் சருகு போல உரியும், அதைக் கழற்ற ஒரு சொரசொரப்பு வேண்டும். தூங்கி எழுந்ததும் முன்னங்கால்களை எட்டி ஊன்றி முதுகு முழுவதையும் நீட்டி இழுக்க, நகம் மாட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். விரல்களின் நடுவே மணச்சுரப்பிகள் இருக்கின்றன. பிராண்டும்போது அந்த மணம் பொருளில் படிந்து "இது என் இடம்" என்று எழுதிவைக்கிறது. நீங்கள் அதிகம் உட்கார்கிற சோபாவையே அது தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதில் உங்கள் வாசனை இருக்கிறது. அதனோடு தன் வாசனையையும் சேர்த்துவைக்கிறது. என்னைப் பொறுத்தவரை அது உறவுகொண்டாடுதல்.

நகம் எடுத்த பூனைகள் சில நாட்களில் பழையபடி ஆகிவிடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

வெளிப்பார்வைக்குப் பல பூனைகள் அப்படித்தான் தெரியும். பூனை தன் வலியை மறைக்கும் பிராணி. இரையாகவும் வாழ்ந்த விலங்கு அது. நொண்டிக் காட்டினால் இன்னொன்று பாய்ந்துவிடும் என்ற எச்சரிக்கை அதன் உடம்பிலேயே இருக்கிறது.

வட அமெரிக்காவில் 274 பூனைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. அவற்றில் பாதி நகம் எடுக்கப்பட்டவை, பாதி எடுக்கப்படாதவை. நகம் எடுத்த பூனைகளுக்கு முதுகுவலி இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. மணல் தட்டுக்கு வெளியே சிறுநீரோ மலமோ கழிப்பதற்கான வாய்ப்பு ஏழு மடங்கு. கடிப்பதற்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது நகம் எடுத்த பூனைகளில் 63 விழுக்காட்டின் பாதத்தில் எலும்புத் துண்டுகள் மிச்சம் இருந்தன. அப்படித் துண்டு இருந்த பூனைகளுக்குத் தொல்லை இன்னும் அதிகம்.

முதுகு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பூனை விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு, நம்மைப் போலக் குதிகாலில் நடப்பதில்லை. விரல்நுனி போய்விட்டால் பாரம் பின்னால் தள்ளப்படுகிறது. செருப்பில் சிறு கல் மாட்டிக்கொண்டால் நாம் எப்படிச் சாய்ந்து நடந்து மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறோமோ, அந்தச் சாய்ந்த நடை அதற்கு ஆண்டுக்கணக்கில்.

பவழம் என்னிடம் வந்தபோது அதற்கு எட்டு வயது. முதல் மாதம் முழுவதும் மணல் தட்டின் விளிம்பில் நின்றுகொண்டு உள்ளே கால்வைக்கத் தயங்கியது. பிறகு குளியலறைத் துண்டின் மேல் போய் இருந்துவிட்டு, ஏதோ குற்றம் செய்ததுபோல் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். மணல் துகள்கள் பாதத்தில் குத்துகின்றன என்று எனக்குப் புரியவே மூன்று வாரம் ஆயிற்று. தூக்கினால் கடிக்கும். அதை முரட்டுப் பூனை என்று சொன்னார்கள். எச்சரிக்கையாக ஒரு கீறல் போட அதற்கு நகம் இல்லை. அதனால் முதல் வார்த்தையே பல்லாகிவிட்டது.

கருத்தடையும் அறுவைதான், பூனையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. அதை ஆதரிக்கும் நீங்கள் இதை மட்டும் எதிர்ப்பது முரண் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் விஷயத்தின் மையத்தைத் தொடுகிறார்கள்.

இரண்டிலும் பூனையின் சம்மதம் இல்லை. சம்மதம் சொல்ல முடியாத உயிருக்காக நாம் முடிவெடுக்கும்போது நம் பொறுப்பு கூடுகிறது. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த வெட்டின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது? கருத்தடை செய்த பெண்பூனைக்குக் கருப்பையில் சீழ்பிடிக்கும் நோய் வராது, இளவயதில் செய்தால் மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆண்பூனை இரவெல்லாம் சண்டைபோட்டுக் காதும் கண்ணும் கிழிந்து வருவது குறையும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அல்சூர்ச் சந்துகளில், நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியில், நனைந்து விறைத்த குட்டிகளைப் பொறுக்கி எடுப்பவர்களுக்குத் தெரியும், கருத்தடை எத்தனை சாவுகளைத் தடுக்கிறது என்று. சில நாள் வலியைப் பூனை ஏற்கிறது, ஆயுள் முழுவதும் அதன் பலனைப் பூனையே அனுபவிக்கிறது.

நகம் எடுப்பதில் பூனைக்குக் கிடைக்கும் பலனைத் தேடிப் பாருங்கள். பலன் சோபாவுக்கு, கதவுக்கு, வீட்டுச் சொந்தக்காரருக்கு. வலி மட்டும் பூனைக்கு.

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துகிறோமே என்றும் சிலர் கேட்பார்கள். என் தாத்தா திருப்பத்தூர்ப் பக்கத்தில் உழவர். கன்றுக்கு மூக்குக் குத்தும் நாளில் பாட்டி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். அந்த வலி உழவோடும் குடும்பத்தின் சோற்றோடும் கட்டப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அவளுக்கு அது சம்மதமாக இல்லை. பூனையிடம் நாம் எந்த வேலையும் வாங்குவதில்லை. அது பாய்வதும் ஏறுவதும் மெத்தையில் மாவு பிசைவதுபோல் கால்மாற்றி மிதிப்பதும் பார்க்கப் பிடித்திருப்பதால் வீட்டுக்கு அழைத்துவருகிறோம். எந்த இயல்புக்காக ஆசைப்பட்டு அழைத்து வந்தோமோ அந்த இயல்பையே வெட்டி எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோழிப் பண்ணையில் அலகையே வெட்டுகிறார்கள். பூனை மட்டும் என்ன உசத்தி?

உசத்தி இல்லை. நெருக்கமான கூண்டுகளில் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க முட்டைக்கோழிகளின் அலகு நுனியை வெட்டுவது நாமக்கல் முதல் எல்லா இடத்திலும் நடக்கிறது. அதுவும் எனக்கு வருத்தம் தருகிறது. இடத்தைப் பெரிதாக்காமல் பிராணியைச் சிறிதாக்குகிறோம் என்பதில் இரண்டும் ஒன்று. ஆனால் முட்டைப் பண்ணையை மாற்ற எனக்கும் உங்களுக்கும் ஒரு தலைமுறை பிடிக்கும். உங்கள் வீட்டுப் பூனையின் பத்து விரல்களைக் காப்பாற்ற இன்று மாலை ஒரு முடிவு போதும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். கதவைப் பிராண்டினால் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார். வேறு என்ன வழி?

பெங்களூரில் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் உள்ள ஊர் இது. 25,000 ரூபாய் வாடகை என்றால் இரண்டரை லட்சம் ரூபாய் அடுத்தவர் கையில் இருக்கிறது. காலிசெய்யும்போது வர்ணம் பூசுவதற்கென்று ஒரு மாத வாடகையை எப்படியும் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. முருகேஷ்பாளையாவில் ஒரு தம்பதி, இருவரும் முதல் வேலையில் இருப்பவர்கள், கண்ணீரோடு என் வீட்டுக்கு வந்து, "அக்கா, பூனையை விடவும் மனமில்லை, அட்வான்ஸை இழக்கவும் முடியாது" என்றார்கள்.

அவர்கள் வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் சேதம் எங்கே என்று பார்த்தோம். சோபாவின் ஒரு மூலை, படுக்கையறைக் கதவின் கீழ்ப்பகுதி, ஜன்னலின் நைலான் கொசுவலை, இந்த மூன்று இடம்தான். வீடு முழுவதும் நாசம் என்று அவர்கள் சொன்னது பயத்தில் சொன்னது. கதவின் கீழ் மூன்றடிக்கு வழவழப்பான பிளாஸ்டிக் தகட்டை இருபுறம் ஒட்டும் டேப்பால் ஒட்டினோம். நகம் மாட்டாத பரப்பில் பூனைக்கு ஆர்வம் இல்லை. நைலான் வலையை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுவலை போடச் சொன்னேன். பூனை பால்கனியிலிருந்து விழாமலும் அது காக்கும்.

பிறகு அதற்கென்று ஒரு தூண். கே.ஆர். மார்க்கெட் பக்கம் கயிற்றுக் கடையில் தேங்காய்நார்க் கயிறு வாங்கி, மூன்றடி உயரமுள்ள கட்டையில் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி, கனமான பலகையில் அறைந்தோம். உயரமும் கனமும் முக்கியம். பூனை பின்னங்கால்களில் நின்று முழுதாக நீட்டினால் எட்டும் உயரம் வேண்டும், சாய்த்து இழுக்கும்போது தூண் ஆடக் கூடாது. கடையில் விற்கும் ஒன்றரை அடிக் குட்டைத் தூணைப் பூனை ஒருமுறை தொட்டுவிட்டுப் போய்விடுவதற்குக் காரணம் இதுதான். தூணை மூலையில் ஒளித்துவைக்காதீர்கள். அது பிராண்டிக்கொண்டிருந்த சோபா மூலைக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். தூங்கி எழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. சில பூனைகளுக்குப் படுக்கைவாட்டில்தான் பிடிக்கும். அவற்றுக்குப் பழைய கயிற்று மிதியடியையோ சாக்கையோ பலகையில் இறுக்கி அடித்துத் தரையில் போட்டால் போதும். சோபாவில் அதே இருபுறம் ஒட்டும் டேப்பை ஒட்டிவைத்து, தூணைத் தொட்டதும் ஒரு துண்டு மீன் கொடுங்கள்.

அடிக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். பிராண்டுவதற்கும் தண்டனைக்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரியாது. நீங்கள் வரும்போது ஓடி ஒளிய வேண்டும் என்பது மட்டும் புரியும்.

அந்தத் தம்பதி ஒன்றரை ஆண்டு கழித்து வீட்டைக் காலிசெய்தார்கள். தச்சரை அழைத்துக் கதவின் பழைய கீறல்களைத் தேய்த்து மெருகேற்றினார்கள். வர்ணத்துக்கான ஒரு மாத வாடகை போக மீதி திரும்பி வந்தது.

அடுக்ககச் சங்கம் பூனை வளர்க்கவே கூடாது என்கிறது. அல்லது நகம் எடுத்தால்தான் அனுமதி என்கிறது.

செல்லப் பிராணி வளர்ப்பதையே சங்கத்தின் விதியால் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதன் நகலைச் சங்கத்திடம் கொடுங்கள். அதோடு தடுப்பூசிச் சான்றும் கருத்தடைச் சான்றும் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கைக்குழந்தை இருக்கிறது. நகம் பட்டு ரேபிஸ் வந்தால்?

பயம் நியாயமானது. இந்தியாவில் பூனைக் கீறலையும் ரேபிஸ் அபாயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கீறல் பட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். மஞ்சள் அப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் இதற்கு விடை பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசி போடுவது. நகம் எடுப்பதால் ரேபிஸ் தடுக்கப்படாது, ஏனென்றால் அது பரவும் முதன்மையான வழி எச்சில், அதாவது கடி. நகத்தை இழந்த பூனை அதிகம் கடிக்கிறது என்பதை மேலே பார்த்தோம். பூனையின் பல் ஊசிபோல் மெலிந்தது, ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிட்டு மேலே மூடிக்கொள்ளும். கீறலை விடக் கடி சீழ்பிடிப்பது எளிது.

குழந்தையையும் பூனையையும் தனியே விடாதீர்கள். பூனை தப்பி ஏற உயரத்தில் ஒரு பரண் தட்டாவது வையுங்கள். ஓடிப்போக வழி உள்ள பூனை பெரும்பாலும் கீறாது. வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று குழந்தைக்குத் தவழும் வயதிலேயே சொல்லிக்கொடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அப்பா இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருக்கிறார். அப்போதாவது?

அப்போதும் தேவையில்லை. பூனைக் கீறல் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் பார்ட்டோனெல்லா கிருமியைப் பூனைகளிடையே பரப்புவது தெள்ளுப்பூச்சி. ஆகவே தெள்ளு மருந்து போடுவதுதான் பாதுகாப்பு. எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்குக்கூடப் பூனையின் நகத்தை எடுக்கும்படி அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பெற்றோர் மடியில் பூனை ஏறும் வீடு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகநுனியை வெட்டிவிடுங்கள். இன்னும் பயமாக இருந்தால் நகத்தின் மேல் ஒட்டும் மென்மையான பிளாஸ்டிக் உறைகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. நான்கிலிருந்து ஆறு வாரம் தாங்கும், நகம் உரியும்போது தானே விழுந்துவிடும்.

வீட்டில் நகத்தை எப்படி வெட்டுவது? என் பூனை கையையே கொடுக்காது.

சாப்பிட்டுவிட்டு உறக்கம் கண்ணைச் சொக்கும் நேரம்தான் முகூர்த்தம். அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி மடியில் உட்காரவைத்து, விரலின் மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிருள்ள பகுதி, அதைத் தொடக் கூடாது. முன்னால் கண்ணாடிபோல் தெரியும் கொக்கி நுனியை மட்டும் வெட்டுங்கள். ஒரே நாளில் எல்லா நகமும் முடிய வேண்டிய அவசியமில்லை. நான் தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு விரல் என்று வைத்துக்கொண்டேன். தப்பித் தவறி இரத்தம் வந்தால் கொஞ்சம் சோளமாவை வைத்து அழுத்துங்கள், நின்றுவிடும். குட்டியாக இருக்கும்போதே பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பழக்கினால் பெரிதானபின் சண்டையே இராது. வயதான பூனைகளுக்கு நகம் தடித்து உள்நோக்கி வளையும், மாதாமாதம் பாருங்கள்.

நகம் எடுக்காவிட்டால் பூனையை வெளியே விட்டுவிடத்தான் வேண்டும். தெருவை விட இது நல்லதுதானே?

இந்த வாதம் அமெரிக்காவிலும் நெடுங்காலம் சொல்லப்பட்டது: தடைசெய்தால் மக்கள் பூனைகளைக் காப்பகங்களில் தள்ளிவிடுவார்கள் என்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2018இல் தடை வந்தது. பிறகு அங்கே நடந்த ஆய்வில், காப்பகங்களுக்கு வரும் பூனைகளின் எண்ணிக்கை அதனால் கூடவில்லை என்று தெரிந்தது.

நம் ஊரில் இன்னொரு கோணமும் உண்டு. நகம் எடுத்த பூனைதான் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் ஆபத்து அதிகம், ஏனென்றால் கீறலைப் பொறுக்காதவர்கள் கட்டிலில் சிறுநீரைப் பொறுப்பார்களா? அப்படித் துரத்தப்பட்டாலோ, கதவிடுக்கில் நழுவி வெளியே போய்விட்டாலோ, நம் தெருநாய்களிடமிருந்து தப்ப அதற்கு எளிதில் மரம் ஏற முடியாது. பூனையை உண்மையாகவே வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் நகத்தோடு வேறு நல்ல வீட்டுக்குக் கொடுங்கள். வீடு தேட நான் உதவுகிறேன்.

இந்தியாவில் இது சட்டப்படி குற்றமா?

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960இல் "பூனை நகம்" என்ற சொல் இல்லை. ஆனால் அதன் 11ஆவது பிரிவு எந்த விலங்கையும் உறுப்புச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. அதே பிரிவு சில செயல்களுக்கு விலக்கும் தருகிறது: மாட்டின் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல். இவற்றை விதித்த முறைப்படி செய்யலாம். அந்த விலக்குப் பட்டியலில் பூனையின் நகம் இல்லை. நோய்க் காரணம் ஏதுமின்றிப் பத்து விரலெலும்புகளை வெட்டுவது இந்தப் பிரிவின் கீழ்தான் வருகிறது என்பது என் உறுதியான வாசிப்பு.

அபராதத் தொகை முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி: மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்துதான் அரசின் சட்டம் பிறந்தது, 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். தொகையை உயர்த்தும்படி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் என் மனத்தில் ஓடும். 2023 அக்டோபரில் இதே பெங்களூரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் போட்டியாளர் புலிநகப் பதக்கம் அணிந்திருந்ததற்காகக் கைதுசெய்யப்பட்டார். செத்த புலியின் ஒரு நகத்துக்கு நம் சட்டம் அவ்வளவு விழித்திருக்கிறது. உயிரோடு மடியில் கிடக்கும் பூனையின் பத்து நகங்களுக்கும் அந்த விழிப்பு வேண்டும்.

வெளிநாடுகளில் எல்லாம் சகஜம் என்கிறார்களே?

அமெரிக்காவிலும் கனடாவிலும்தான் சகஜமாக இருந்தது. அங்கும் நிலை மாறிக்கொண்டிருக்கிறது: நியூயார்க் மாநிலம் 2019 ஜூலையில் தடைசெய்தது, மேரிலாந்து 2022இல், வர்ஜீனியா 2024இல். இஸ்ரேல் 2011இல் தடைசெய்தது. செல்லப் பிராணிகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கை 1987லேயே நகம் எடுப்பதை வால் வெட்டுதல், காது வெட்டுதல், குரல்நாண் அறுத்தல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்துத் தடுத்தது. பிரிட்டனில் தலைமுறைகளாக இதைச் செய்வதில்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த உறவினர் "அங்கே எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொன்னால், அவர் பழைய செய்தியைச் சொல்கிறார்.

எந்த நிலையிலும் செய்யவே கூடாதா?

பூனையின் நோய்க்காகச் செய்யலாம். விரலில் புற்றுக்கட்டி, எந்த மருந்துக்கும் ஆறாத நகக்கண் சீழ், நசுங்கிப்போன விரல் என்றால் அந்த ஒரு விரலை எடுப்பது சிகிச்சை. கூடுதல் விரலோடு பிறந்து அதன் நகம் சதைக்குள் குத்தி வளர்ந்தாலும் அப்படித்தான்.

எங்கள் டாக்டரே செய்துதருகிறேன் என்கிறார். அவருக்குத் தெரியாததா?

நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில், நான் தத்துக்கொடுத்த பூனையின் புதிய உரிமையாளரிடம் "சின்ன நக ஆபரேஷன், மறுநாளே ஓடும்" என்று சொல்லித் தேதியும் குறித்துக்கொடுத்திருந்தார்கள். நல்லவேளை, அவர் முந்தைய நாள் என்னை அழைத்தார். மறுநாள் இருவரும் போய் மூன்று கேள்விகள் கேட்டோம்: எந்த எலும்பை எடுக்கிறீர்கள்? என் பூனைக்கு என்ன நோய்? எத்தனை நாள், எந்த வலிமருந்து கொடுப்பீர்கள்? முதல் கேள்வியிலேயே பேச்சின் தொனி மாறிவிட்டது. உரிமையாளர் "எலும்பா?" என்று எழுந்துவிட்டார்.

நீங்களும் அதையே கேளுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குயின்ஸ் ரோட்டில் அரசுக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை.

ஏற்கெனவே நகம் எடுத்த பூனையைத் தத்தெடுத்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

முதலில் பாதத்தை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எலும்புத் துண்டு மிச்சமிருந்தால் அதை அகற்றினாலே பல பூனைகளின் கடியும் இடம்மாறிச் சிறுநீர் கழிப்பதும் குறையலாம். வலிமருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தது மட்டுமே. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைத் தப்பித்தவறிக்கூடக் கொடுக்காதீர்கள்; பூனைக்கு அது நஞ்சு, அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம்.

கரடுமுரடான மணலை மாற்றுங்கள். துண்டு துண்டாகக் கிழித்த செய்தித்தாளோ நைசான மணலோ போட்டு, விளிம்பு தாழ்ந்த தட்டாக வையுங்கள். எடை ஏற விடாதீர்கள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் குதிக்கத் தேவையில்லாமல் இடையில் மெத்தென்ற ஒரு படி வையுங்கள். வெளியே விடவே விடாதீர்கள்.

பவழத்தின் வலது பாதத்தில் இரண்டு துண்டுகள் இருந்தன. அவற்றை எடுத்து, செய்தித்தாள் தட்டுக்கு மாற்றி, நான்கு மாதம் யாரும் அதைத் தூக்காமல் விட்டோம். ஐந்தாவது மாதம் ஒரு மாலை நான் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அதுவாக வந்து மடியில் ஏறியது. இப்போதும் தூங்கி எழுந்ததும் மற்ற மூன்றும் பிராண்டும் கயிற்றுத் தூணுக்குப் போய், நகமில்லாத கைகளை அதில் வைத்து இழுக்கிறது. அதற்காகத் தூணின் கீழ்ப்பாதியில் கயிற்றுக்கு மேலே பழைய கம்பளித் துணியைச் சுற்றிவைத்திருக்கிறேன்.